வீடும் வாசலும்: அச்சாரப் பணம் திரும்புமா?

சென்ற இரண்டு மாதங்களாக இப்பகுதியில் வாடகைக் குடித்தனத்தின் வழக்கு வம்புகளைப் பற்றி எழுதி வந்தோம். இம்மாதமும் அதையே தொடர எண்ணியிருந்த வேளையில், நம் சங்கத்து அன்பர் ஒருவருக்கு நேர்ந்த சங்கடம் நம்மை வேறு பொருளுக்குத் திருப்பிவிட்டது. லேக் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு தெருவில் 22 ஆண்டுகள் வாடகை வீட்டிலேயே காலந் தள்ளியவர் அவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுமுன் தமக்கென்று இரண்டு அறைகளாவது வேண்டும் என்ற ஆசையால், தென் கல்கத்தாவில் நான்காவது மாடியில் ஒரு பிளாட்டை 42 லட்சம் ரூபாய்க்குப் பேசி முடித்தார். நூற்றுக்குப் பத்து வீதம் 4,20,000 ரூபாய் அச்சாரம் கொடுத்தார். மனைவியின் நகைகளில் ஒரு பகுதியும், மகளின் படிப்புக்கென்று ஒதுக்கி வைத்திருந்த தொகையும் அதில் அடங்கும். தரகர் தட்டெழுதிக் கொண்டுவந்த இரண்டு பக்கக் காகிதத்தில் கையெழுத்திட்டார். 90 நாளைக்குள் மீதியைக் கட்டிப் பத்திரம் பதிவு செய்துகொள்ள வேண்டும். தவறினால் அச்சாரம் விற்பவரைச் சேரும் என்பது அதன் சாரம்.

ஏழாவது வாரத்தில் பாங்கி கையை விரித்தது. விற்பவரோ காகிதத்தைக் காட்டினார். அன்பர் நம்மிடம் வந்து, "பாங்கி கடன் கொடுக்காததற்கு நான் என்ன செய்வேன்? என் குற்றம் இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். இக்கேள்விக்கு அன்று மாலையே நம்மால் விடை கூற முடியவில்லை. சட்டம் அறிந்த நண்பர்களைக் கலந்தும், தீர்ப்புகளைப் படித்துப் பார்த்தும் நாம் தெரிந்துகொண்டவற்றை நேயர்களுக்கும் சொல்லி வைப்பது நலம் என்று தோன்றுகிறது.

நாம் அச்சாரம் என்பதை வங்காளிகள் 'பாயனா' என்பார்கள். துர்க்கா பூஜைக்கு முன் சியால்தா ரயில் நிலையத்தருகே வந்து கூடும் தாக் வாத்தியக்காரர்களைப் பந்தலுக்கு அமர்த்துவோர் முதலில் கையில் வைப்பதும் பாயனாதான். பல லட்சம் பெறுமான வீட்டுக்குக் கொடுப்பதும் பாயனாதான். சொல்லுக்குச் சொந்தமான கருத்து ஒன்றே: 'நான் பின்வாங்க மாட்டேன்' என்பதற்கு அடையாளம். வாங்குபவர் வாக்குத் தவறாவிட்டால் அது விலையில் ஒரு பகுதியாகக் கழிந்துபோகும். தவறிவிட்டால் விற்பவரிடம் தங்கிவிடும். இதனை வெறும் முன்பணத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதுதான் நம்மவர் செய்யும் முதற் பிழை. முன்பணம் விலையின் ஒரு பகுதியே அன்றி உறுதிப் பொருள் அன்று.

அன்பரின் உறவினர் ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். "கடன் கிடைக்கவில்லையென்றால் அச்சாரம் தானே திரும்பி வந்துவிடும்" என்று அவர் தொலைபேசியில் தைரியம் சொன்னாராம். அந்த நாட்டில் வீடு வாங்குவோர் ஒப்பந்தத்திலேயே, குறித்த காலத்துக்குள் கடன் கிடைக்காவிடில் பணம் திரும்பும் என்ற நிபந்தனையைச் சேர்த்துக்கொள்வது பெருவழக்கு. அங்கும் அது தானே வருவதன்று; எழுதிக்கொள்வதால் வருவது. இங்கிலாந்தில் வேறு விதம். ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளும் நாளில்தான் வழக்கமாக நூற்றுக்குப் பத்து கொடுப்பார்கள். அந்நாளுக்குள் கடன் உறுதியாகியிருக்க வேண்டும் என்று வக்கீலே பார்த்துக்கொள்வார். நம் ஊரிலோ பணம் முதலில், காகிதம் பிறகு, பாங்கி கடைசியில். இந்த வரிசையில்தான் வினை இருக்கிறது.

நம் லேக் பகுதியை வைத்தே இந்தியச் சட்டத்தில் புகழ்பெற்ற ஒரு வழக்கு எழுந்ததை நேயர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். டாக்குரியா ஏரிகளுக்கு அண்மையில் முக்னீராம் பாங்கூர் கம்பெனிக்குப் பெருநிலம் ஒன்று இருந்தது. அதனை மனைகளாகப் பிரித்து, 'லேக் காலனி முதல் திட்டம்' என்று பெயரிட்டு, சாலையும் சாக்கடையும் அமைத்துத் தருவதாகச் சொல்லி விற்றார்கள். 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதி ஒருவர் 101 ரூபாய் அச்சாரம் கொடுத்து ஒரு மனைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். (நூற்றோடு ஒன்று சேர்க்கும் மங்கல வழக்கம் நமக்கும் வங்காளிகளுக்கும் பொது.) மறு ஆண்டு இறுதியில், போர்க்காலச் சட்டத்தின்படி சர்க்கார் அந்நிலத்தை இராணுவத்துக்காக எடுத்துக்கொண்டது. 1943 நவம்பரில் கம்பெனி கடிதம் எழுதிற்று: அச்சாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், அன்றி மீதித் தொகையைக் கட்டிப் பத்திரம் முடித்துக்கொண்டு, சாலை வேலைக்குப் போர் முடியும்வரை காத்திருக்கலாம், இரண்டும் வேண்டாமெனில் ஒப்பந்தம் ரத்து, அச்சாரமும் பறிபோகும்.

மனையின் உரிமையைப் பெற்றிருந்த சத்யபிரத கோஷ் என்பவர் இரண்டையும் ஏற்காமல் 1946இல் நீதிமன்றம் ஏறினார். நிலத்தை இராணுவம் கொண்டுபோனபின் ஒப்பந்தமே முறிந்துவிட்டது என்று கம்பெனி வாதித்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம் அதனை ஒப்புக்கொண்டது. உச்ச நீதிமன்றமோ 1953ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, நீதிபதி பிஜன் குமார் முகர்ஜி வாயிலாக, முறியவில்லை என்று தீர்ப்பளித்தது. சாலை போட்டு முடிக்க இன்ன காலம் என்று ஒப்பந்தத்தில் கெடு இல்லை. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் செய்த ஒப்பந்தம் ஆகையால் தாமதம் இருவருக்கும் தெரிந்ததே. இராணுவம் நிலத்தை எடுத்ததும் என்றென்றைக்கும் அன்று. ஒப்பந்தத்தின் அடிப்படையே தகர்ந்தாலொழிய, சிரமம் வந்துவிட்டது என்பதற்காக அது செத்துப்போவதில்லை.

அந்த வழக்கில் வாங்குபவர் வென்றார். ஆனால் அன்பருக்கு அத்தீர்ப்பு ஆறுதல் தருவதன்று. பட்டாளம் வந்து நிலத்தையே கைப்பற்றிக்கொண்டபோதும் ஒப்பந்தம் உயிரோடிருந்தது என்றால், பாங்கி கடன் மறுத்தது என்ற ஒரே காரணத்துக்காக அது எவ்வாறு மறையும்? கையில் பணம் இல்லாமை சட்டத்தின் கண்ணில் 'இயலாமை' ஆகாது.

மற்றொரு வழக்கும் இந்த மாகாணத்ததே. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பர்துவானுக்கு அப்பால் பானாகடத்தில் விமான உலோகக் கழிவு மலைபோல் கிடந்தது. அதனை டாட்டா ஏர்கிராப்ட் கம்பெனியிடமிருந்து ஸ்ரீ ஹனுமான் காட்டன் மில்ஸ் என்ற நிறுவனம் 1946இல் 10 லட்சம் ரூபாய்க்குப் பேசியது. நூற்றுக்கு 25 வீதம் 2,50,000 ரூபாய் கட்டிற்று. மீதியைக் கட்டவில்லை. கட்டிய தொகையைத் திரும்பப் பெற நடத்திய வழக்கு கல்கத்தாவிலிருந்து டில்லிவரை சென்று, 1969இல் தோல்வியில் முடிந்தது. அச்சாரத்தின் இலக்கணத்தை உச்ச நீதிமன்றம் வரையறுத்துச் சொன்னது இத்தீர்ப்பில்தான்.

இவ்வளவையும் கேட்டு அன்பரின் முகம் வாடியது. நிற்க. சட்டம் ஒரு பக்கமாகவே சாய்ந்ததன்று. அதே 1969ஆம் ஆண்டில், இராணுவத்துக்கு உருளைக்கிழங்கும் கோழியும் முட்டையும் மீனும் கொடுக்க ஒப்புக்கொண்டு தவறிய ஒரு குத்தகைக்காரரின் ஜாமீன் தொகையைச் சர்க்கார் பிடித்துக்கொண்டது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. நஷ்டத்தை நிரூபிக்கக்கூடிய இடத்தில் நிரூபிக்காமல் பெருந்தொகையை விழுங்கக் கூடாது என்பது கருத்து. அதற்கு முன், 1963இல், டில்லி பங்களா ஒன்றைப் பற்றிய வழக்கில் வாங்குபவர் கொடுத்திருந்த 25,000 ரூபாயில், அச்சாரமான 1,000 ரூபாயை மட்டும் விற்பவர் வைத்துக்கொள்ளலாம், விலையின் பகுதியாக வந்த 24,000 ரூபாயைப் பறிமுதல் செய்ய முடியாது என்று முடிவாகியிருந்தது. 2015இல் டில்லி அபிவிருத்தி அதிகார சபையின் வழக்கு இன்னும் சுவையானது. 3.12 கோடிக்கு ஏலம் கேட்ட ஒரு கம்பெனியின் 78 லட்சத்தைச் சபை பறிமுதல் செய்தது. பிறகு அதே மனையை 11.78 கோடிக்கு விற்றது! இலாபம் அடைந்தவருக்கு நஷ்டஈடு எதற்கு என்று கேட்டு, நீதிமன்றம் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்தது.

ஆயினும் நியாயமான அளவுள்ள அச்சாரம், காகிதத்திலும் தெளிவாக எழுதப்பட்டிருந்து, குற்றமும் வாங்குபவருடையதானால் போயிற்று என்றே கொள்ள வேண்டும். 2012இல் 70 லட்சம் பெறுமான டில்லி வீட்டுக்குக் கொடுத்த 7 லட்சம் இப்படித்தான் போயிற்று. விற்பவர்மீதும் நாம் முழுப் பழியையும் போடுவதற்கில்லை. அவரும் நமக்காக வேறு இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார். நாம் கொடுத்த பணத்தைத் தாம் வாங்கப்போகும் வீட்டுக்கு அச்சாரமாகக் கொடுத்துமிருப்பார்.

எனவே எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: பாங்கி ஏன் மறுத்தது?

அன்பரிடம் இதைக் கேட்டோம். "என் வயதும் சம்பளமும் போதவில்லை போலிருக்கிறது" என்றார். போலிருக்கிறதா? பாங்கியில் கேட்டாரா? கேட்கவில்லை. கிளையில் இருந்த இளைஞர் ஒருவர் 'ஆகாது' என்றதும் தலைகுனிந்து வந்துவிட்டார். நம் மக்களுக்குப் பாங்கி மறுத்தால் அது தம் மானத்துக்கு நேர்ந்த குறைவு என்ற எண்ணம் இருக்கிறது. ஆகையால் காரணம் கேட்கக் கூசுகிறார்கள்.

பாங்கி இரண்டு பரீட்சைகள் நடத்துகிறது என்பதை அறிய வேண்டும். முதலாவது நம்மைப் பற்றியது: சம்பளம், வயது, பழைய கடன்கள். இதில் தேறினால் 'கொள்கையளவில் சம்மதம்' என்று ஒரு கடிதம் கொடுப்பார்கள். அக்கடிதத்தைக் கண்டு ஏமாறக் கூடாது. இரண்டாவது பரீட்சை வீட்டைப் பற்றியது. பாங்கியின் வக்கீல் பல்லாண்டுப் பத்திரங்களைத் துருவுவார். மதிப்பீட்டாளர் வந்து அளப்பார். மதிப்பீடு பேசிய விலைக்குக் குறைந்தால் கடனும் குறையும். ரிசர்வ் பாங்கியின் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள வீட்டுக் கடன், மதிப்பில் நூற்றுக்கு 80க்கு மிகக் கூடாது. 42 லட்சத்துக்கு 33,60,000 கிடைக்கும் என்று கணக்கிட்டிருப்பவருக்கு, மதிப்பீடு 38 லட்சம் என்று வந்தால் 30,40,000தான். இடையே துண்டு விழும் 3,20,000 ரூபாயைக் கைப்பணத்தால் அடைக்க வேண்டும். பத்திரச் செலவு வேறு.

கல்கத்தாவில் இந்த இரண்டாவது பரீட்சையில் தவறும் வீடுகள் எத்தனையோ விதம். கார்ப்பொரேஷன் மூன்று மாடிக்கு அனுமதி தந்திருக்கும். கட்டியவர் நான்காவதையும் எழுப்பி விற்றிருப்பார். கட்டிட நிறைவுச் சான்று பெறப்பட்டிராது. பழைய வட்டாரங்களில் நிலம் டிகா குடிவாரமாக இருக்கும். அத்தகைய நிலங்கள் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாகாண சர்க்காரைச் சேர்ந்துவிட்டன. அவற்றைப் பிற நிலம்போல் எண்ணி விற்பதற்கில்லை. சால்ட் லேக்கில் மனைகள் 999 ஆண்டுக் குத்தகையாக வழங்கப்பட்டவை. கைமாற்றத்துக்குச் சர்க்கார் சம்மதம் உண்டா என்று பார்க்க வேண்டும். தகப்பனார் பெயரிலேயே இருக்கும் வீட்டை ஐந்து பிள்ளைகளில் மூவர் மட்டும் கூடி விற்க வருவதும் உண்டு.

இவற்றுள் ஒன்றால் கடன் மறுக்கப்பட்டால், தவறியவர் வாங்குபவர் அல்லர், விற்பவர். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, சொத்திலும் உரிமையிலும் உள்ள மறைந்த குறைகளை விற்பவர் வெளியிட வேண்டும் என்கிறது. தக்க காரணத்தோடு வாங்க மறுப்பவர், கொடுத்த விலைப்பணத்துக்கும் அச்சாரத்துக்கும் அந்தச் சொத்தின் மீதே பாத்தியதை கொண்டாடலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

அன்பரை மறுநாளே பாங்கிக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுக்கச் சொன்னோம். இரண்டு வாரம் இழுத்தடித்துப் பதில் வந்தது. அவர் சம்பளத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை! 'உத்தேசித்த பிளாட் அமைந்துள்ள தளம் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தில் காணப்படாமையால்' கடன் வழங்க இயலவில்லை என்று இருந்தது. குற்றவாளிபோல் நடமாடிக்கொண்டிருந்த மனிதர் அக்கடிதத்தை நம் கையிலிருந்து வாங்கி மூன்று முறை படித்தார்.

அப்போது 90 நாளில் 11 நாள் பாக்கி இருந்தது. கெடு முடியுமுன் வக்கீல் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும் என்பதில் நாம் கண்டிப்பாக இருந்தோம். கெடு கடந்தபின் எழுதினால், 'தவறியது நீர். இப்போது சாக்குச் சொல்கிறீர்' என்பார்கள். அனுமதி வரைபடத்தைக் காட்டும்படியும், இயலாவிடில் அச்சாரம் முழுவதையும் திருப்பும்படியும் நோட்டீஸ் அனுப்பப்பட்டது.

கோர்ட்டுக்குப் போக நேரிடுவோர்க்கு இரண்டு குறிப்புகள். மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும்படி வழக்குப் போடுவோர், அது கிடைக்காவிடில் அச்சாரத்தையாவது திருப்பித் தருக என்று மனுவில் தனியே கேட்டாக வேண்டும். 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு அவ்வாறு சொல்கிறது. 2025ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்த்த பெங்களூர் வழக்கொன்றில், 55,50,000 ரூபாய் வீட்டுக்குக் கொடுத்த 20 லட்சம் போயிற்று. காகிதத்தில் 'முன்பணம்' என்று எழுதியிருந்தும் அது அச்சாரமே என்று கொள்ளப்பட்டது. திருப்பித் தரும்படி மனுவில் கேட்காததும் வாங்கியவருக்கு எதிராக நின்றது. கேட்க மறந்த ஒரு வாக்கியத்தின் விலை!

புதிதாகக் கட்டும் கம்பெனியிடம் வாங்குவோரின் நிலை சற்று மேல். மேற்கு வங்கம் 2017இல் தனியாக ஒரு சட்டம் இயற்றி நடத்தி வந்தது. அதனை 2021ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அதன்பின் 'ரேரா' எனப்படும் மத்தியச் சட்டமே இங்கும் நடைபெறுகிறது. அதன்படி, எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கம்பெனி வாங்கக் கூடாது. 2025 பிப்ரவரியில் குர்காவ்ன் பிளாட் வழக்கில், ஒப்பந்தம் நூற்றுக்கு 20 பிடிக்கலாம் என்றிருந்தும், அது ஒருதலைப்பட்சமானது என்று கண்டு, 10 மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்ப வேண்டும் என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. வட்டி மட்டும் கிடைக்கவில்லை.

இனி வாங்கப் போகிறவர்கள் பாயனாக் காகிதத்தில் கீழ்க்கண்ட பொருளில் ஒரு வாசகத்தை வக்கீலைக் கொண்டு சேர்த்துக்கொள்ளலாம்: 'வாங்குபவர் 15 நாளைக்குள் பாங்கியில் கடனுக்கு மனுச் செய்வார். 60 நாளைக்குள் இன்ன தொகைக்குக் குறையாமல் கடன் மஞ்சூர் ஆகாவிடில், அவர் பொய்த் தகவல் கொடுத்ததால் அவ்வாறு நேர்ந்ததல்ல என்றால், பாங்கியின் கடிதத்தைக் காட்டிய 30 நாளைக்குள் அச்சாரம் முழுவதும் திருப்பித் தரப்படும்.' தொகையைக் குறிப்பிட மறக்கக் கூடாது. 33 லட்சம் கேட்டவருக்கு 20 லட்சம் மஞ்சூரானாலும் 'கடன் கிடைத்துவிட்டதே' என்பார்கள். விற்பவர் இதற்கு இசையாவிடில், முதலில் சிறு தொகையே கொடுத்து, பாங்கி வக்கீலின் அறிக்கை வந்தபின் மீதி அச்சாரம் தருவதாகப் பேசலாம். இரண்டுக்கும் இணங்காதவரிடம் வாங்கத்தான் வேண்டுமா என்று வீட்டாரோடு கலந்து யோசிப்பது நம் கட்சி. தரகர், 'வேறு பார்ட்டி காத்திருக்கிறார்' என்பார். இருக்கட்டுமே.

நோட்டீஸ் கண்ட பின் விற்பவர் முதலில் சீறினார். பிறகு தம் வக்கீலைப் பார்த்தார் போலும், தணிந்தார். 2 லட்சத்துக்கு ஒரு செக்கு அந்த மாதமே வந்தது. மற்றொரு 2 லட்சம் நான்கு மாதம் கழித்து, பொங்கலுக்கு முன் வந்தது. ஒப்பந்தத்தன்று தரகரின் வற்புறுத்தலால் ரசீதில்லாமல் ரொக்கமாகக் கொடுத்த 20,000 ரூபாய் மட்டும் வரவே இல்லை. அப்படி ஒரு தொகை வாங்கியதே இல்லை என்று சாதித்துவிட்டார்கள். வீடு, மனை விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவது 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டப்படி குற்றம் என்பதால், அதை எடுத்துச் சொல்லி வாதாடவும் அன்பருக்கு நா எழவில்லை. இப்போது அவர் கஸ்பாப் பக்கம் ஒரு பிளாட் பார்த்து வைத்திருக்கிறார். இம்முறை அனுமதி வரைபடத்தின் நகலை முதலில் கேட்டிருக்கிறார். இன்னும் கைக்கு வரவில்லை.